எந்த இரவு யாருடைய பாடு

பழவேற்காட்டுக் கரையில் நின்றால் பசியாவரம் என்ற தீவு ஊர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரியும். நடுவில் தண்ணீர். பல தலைமுறைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கடக்கப் படகு ஒன்றே வழியாக இருந்தது. பள்ளிக்கூடம், ரேஷன், ஆஸ்பத்திரி, கூடையோடு மீன் விற்கக் கிளம்பும் பெண்களின் அதிகாலை எல்லாமே படகு இந்தக் கரையில் நிற்கிறதா, அந்தக் கரையில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தே நடந்தன. ஊரின் பெயரைப் பிரித்தால் ‘பசியா வரம்’ என்று வருகிறது. இதைப் பெயராராய்ச்சியாகச் சொல்லவில்லை. வாசிக்கும்போதெல்லாம் என் காதில் அப்படித்தான் விழுகிறது.

இந்த அத்தியாயம் இயந்திரங்களைப் பற்றியது. ஒரு தொழிற்சாலையைக் கட்டும் முன்பே அதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு சிமுலேஷன் என்று பெயர். ஒத்திகை என்றாலும் பொருந்தும். அந்த ஒத்திகையில் ஒவ்வொரு மெஷினும் எப்போது வேலைக்குக் கிடைக்கும், எப்போது கிடைக்காது என்று எழுதியாக வேண்டும். காலை ஷிஃப்ட் உண்டு, நைட் ஷிஃப்ட் இல்லை, ஞாயிறு விடுமுறை, மாதம் ஒரு நாள் மெயின்டனன்ஸ் என்று அது போகும். கேட்பதற்கு எளிய வேலை. ஒத்திகைகள் பொய் சொல்லத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் இதுதான். ஷிஃப்ட் என்பதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தெளிவாகக் காட்டியது பழவேற்காடு ஏரியின் பாடு முறை. அதனால் ஏரியிலிருந்தே தொடங்குகிறேன்.

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு ஓரம் திருவள்ளூர் மாவட்டத்தில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. உப்புத்தண்ணீர் முகத்துவாரம் வழியாக வந்து போகிறது. வெள்ளை இறாலின் வாழ்க்கை இந்த முகத்துவாரத்தை நம்பியிருக்கிறது. கடலில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் ஏரிக்குள் நுழைந்து, ஆழமில்லாத தண்ணீரில் சில மாதங்கள் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. பெரும்பாலும் இரவில், வற்றும் தண்ணீரோடு சேர்ந்து அவை வெளியே நகரும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில், சரியான இரவில், சரியான மணியில் வலை கட்டியவருக்கு இறால். அரை மைல் தள்ளிக் கட்டியவருக்கும், நான்கு நாள் தள்ளிக் கட்டியவருக்கும் அந்த அளவு கிடைக்காது.

நல்ல இடங்கள் சில. ஆசைப்படும் குடும்பங்கள் பல. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இதற்குக் கண்ட வழிதான் பாடு. வலை கட்டும் இடமும் பாடு, அந்த இடத்தில் வலை கட்டுவதற்கான முறையும் பாடு. கழிகளை ஊன்றிக் கட்டும் சுத்து வலைக்கான இடங்கள், உரிமையுள்ளவர்களிடையே சீட்டுப் போட்டும் முறை வைத்தும் சுழன்று வரும். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை சுமாரான இடத்துக்குப் போவார். சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏரி மாறிக்கொண்டே வரும் காலத்தில் இந்த முறை எப்படித் தாக்குப்பிடிக்கிறது, எங்கே விரிசல் விடுகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் நீர்கொழும்பு வாவியிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. அங்கே ‘கட்டுதெல்’ எனப்படும் வலைக்கான இடங்களை மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டுப் பகிர்கின்றன. இலங்கை அரசு 1958-இல் அதற்கென்று தனி விதிகளையே பிறப்பித்தது. வயலுக்கு முறைப்பாசனம் தெரிந்த நமக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. மடை ஒன்று, வயல் பல, ஆளுக்கு இத்தனை நாழிகை.

இப்போது இதைத் தொழிற்சாலைக் கண்ணோடு பாருங்கள். வலை கட்டும் இடம்தான் மெஷின். அது நகராது. குடும்பங்கள் ஷிஃப்ட் மாறும் ஆட்கள். மெஷின் எல்லா நேரமும் ஓடாது. நிலாவும் நீரோட்டமும் விட்ட நேரத்தில்தான் ஓடும். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் அது பிரேக்டவுன். ஓர் ஒத்திகை எழுதுபவருக்கு வேண்டிய எல்லாச் சிக்கலும் இங்கே இருக்கிறது.

தொழிற்சாலையைக் கணினியில் ஒத்திகை பார்க்கும் முறையின் தொடக்கங்களில் ஒன்று ஓர் இரும்பாலையில் நிகழ்ந்தது. 1950-களின் கடைசியில், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், யுனைட்டெட் ஸ்டீல் கம்பெனியில் வேலை பார்த்த கீத் டக்ளஸ் டோச்சர், ஆலை முழுவதையும் ‘இயந்திரங்களின் கூட்டம்’ என்று பார்த்தார். ஒவ்வோர் இயந்திரமும் ஏதோ ஒரு நிலையில் இருக்கிறது. அந்த நிலை எப்போது மாறும் என்று ஒரு நேரம் குறித்து வைத்திருக்கிறது. உலையில் உருக்கு 3.40-க்குத் தயாராகும், கிரேன் 3.25-க்கு விடுபடும் என்பது போல. கணினி இந்த நேரங்களில் மிக அருகில் இருப்பதைத் தேடி எடுத்து, கடிகாரத்தை நேராக அங்கே தாவ வைக்கும். நடுவில் உள்ள நிமிடங்களில் எதுவும் மாறாது என்பதால் அவற்றைக் கடந்து போகத் தேவையில்லை. அங்கே நடக்க வேண்டியதை நடத்தி, புதிய நேரங்களைக் குறித்துக்கொண்டு, மறுபடி தாவும். டோச்சர் 1963-இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். ஐபிஎம்மில் ஜெஃப்ரி கோர்டன் 1961-இல் கொண்டுவந்த ஜிபிஎஸ்எஸ் மொழியும் இதே தாவும் கடிகாரத்தை நம்பியதுதான். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும், கார் தொழிற்சாலைகளிலும் துறைமுகங்களிலும் ஓடும் ஒத்திகைகளுக்குள் இந்தக் கடிகாரமே இருக்கிறது.

இந்தக் கடிகாரத்தில் ஷிஃப்ட்டை எப்படி எழுதுவது? அவசரக்காரர்கள் செய்வது இது. மெஷின் நாளில் 8 மணி நேரம் ஓடுகிறது. 24-க்கு 8 என்றால் 33 சதவீதம். ஆகவே மெஷினின் வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு 24 மணி நேரமும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நாள் முடிவில் உற்பத்தி எண்ணிக்கை சரியாகவே வரும். அதனால்தான் இந்தத் தவறு பலர் கண்ணில் படுவதில்லை.

ஐஸ் கம்பெனியை வைத்து ஒரு கணக்குப் போடலாம். இது என் கற்பனைக் கணக்கு. எண்களை எளிதாக வைத்திருக்கிறேன். விடியற்காலை 4 மணியிலிருந்து 3 நிமிடத்துக்கு ஒருவராக 40 பேர் ஐஸ் பெட்டியோடு வருகிறார்கள். கடைசி ஆள் 5.57-க்கு. ஆளுக்கு ஒரு பார் ஐஸ் உடைத்துத் தர வேண்டும். உடைக்கும் மெஷினுக்கு ஒரு பாருக்கு 3 நிமிடம். மெஷின் காலை 6 முதல் 10 வரை ஓடும். 4 மணிக்கு வந்தவர் 6 மணி வரை காத்திருக்கிறார். அவருக்கு அடுத்து வந்தவர் 4.03-இலிருந்து 6.03 வரை. கடைசி ஆள் 5.57-இலிருந்து 7.57 வரை. விசித்திரமாக, 40 பேரும் சரியாக 2 மணி நேரம் காத்திருக்கிறார்கள். மெஷினோ 4 மணி நேர ஷிஃப்ட்டில் 2 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மீதி நேரம் சும்மா நிற்கிறது.

அதே 4 மணி நேர ஷிஃப்ட்டை 4 முதல் 8 வரை என்று நகர்த்துங்கள். ஒருவரும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். கிடைப்பு விகிதம் மாறவில்லை, 24-க்கு 4. மெஷினின் உழைப்பும் மாறவில்லை, பாதி நேரம். கணக்குப் புத்தகத்தில் இரண்டு ஐஸ் கம்பெனிகளும் ஒன்றே. கரையில் நிற்கும் இறாலுக்கு ஒன்றல்ல.

இப்போது சதவீத வைத்தியம் செய்து பார்ப்போம். மெஷினை ஆறில் ஒரு பங்கு வேகத்தில் 24 மணி நேரமும் ஓட விடுகிறோம். ஒரு பாருக்கு 18 நிமிடம். முதல் ஆள் காத்திருக்கவே வேண்டாம். இரண்டாவது ஆள் 15 நிமிடம், மூன்றாவது ஆள் 30 நிமிடம் என்று ஏறிக்கொண்டே போய், கடைசி ஆள் கிட்டத்தட்ட 10 மணி நேரம் நிற்கிறார். சராசரி 4 மணி 52 நிமிடம். உண்மையில் 2 மணி நேரம். ஷிஃப்ட்டை நகர்த்தினால் சுழியம். சதவீதக் கணக்கிலோ ஏறத்தாழ 5 மணி நேரம். மூன்றிலும் நாளுக்கு அதே 40 பார்தான். உற்பத்தி எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்து ‘மாடல் ஒத்துப்போகிறது’ என்று கையெழுத்திடுபவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

படகுக்கும் இதே கதைதான். நாளில் 8 மணி நேரம் மட்டும் ஓடும் ஓடம் ஒன்று, எஞ்சிய 16 மணி நேரம் கிடையாது. எந்த நேரத்திலும் தேவை வரலாம் என்றால், மூன்றில் இரண்டு தேவைகள் ஓடம் இல்லாத நேரத்தில் வந்து விழும். அவை சராசரியாக 8 மணி நேரம் காத்திருக்கும். எல்லாத் தேவைகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 5 மணி 20 நிமிடம். அதே ஓடம் ஒவ்வொரு மணி நேரத்திலும் 20 நிமிடம் கிடைக்கிறது, 40 நிமிடம் கிடைக்காது என்று வைத்தால் சராசரிக் காத்திருப்பு 13 நிமிடம் சொச்சம். இரண்டும் 33 சதவீதம். வித்தியாசம் 24 மடங்கு. இடுப்பு வலி கண்ட பெண் கால அட்டவணை பார்த்துக் கரைக்கு வருவதில்லை. தீவு ஊர்கள் பாலம் கேட்டு ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்ததன் கணிதம் இந்த 24-க்குள் இருக்கிறது.

ஆகவே முதல் விதி, நாட்காட்டியை நாட்காட்டியாகவே எழுத வேண்டும். ஷிஃப்ட் தொடங்குவதும் முடிவதும் கணினியின் நிகழ்ச்சிப் பட்டியலில் தனித்தனி நிகழ்ச்சிகளாக உட்கார வேண்டும். அப்படி எழுதியவுடன் அடுத்த கேள்வி எழும்: மணி அடிக்கும்போது கையில் பாதி வேலை இருந்தால்?

லேத்தில் 40 நிமிட வேலை. ஷிஃப்ட் முடிய 10 நிமிடம் இருக்கையில் மாட்டியாகிவிட்டது. ஒரு தொழிற்சாலையில் ஆள் நின்று முடித்துவிட்டுப் போவார். இன்னொன்றில் அப்படியே நிறுத்திவிட்டுப் போவார். அடுத்த ஷிஃப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். வேறொன்றில் முடிக்க நேரமில்லாத வேலையை மாட்டவே மாட்டார்கள். அரீனா போன்ற சிமுலேஷன் மென்பொருள்கள் இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்கின்றன. அதில் ஒரு நுட்பம் உண்டு. 1 மணி நேர இடைவேளை வருகிறது; ஆள் 30 நிமிடம் கூடுதலாக நின்று வேலையை முடித்தார். அவருக்கு இனி முழு 1 மணி நேர ஓய்வா, மிச்சமுள்ள 30 நிமிடமா? இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில் ஆண்டு முடிவில் பல நாள் உற்பத்தி வித்தியாசப்படும். மென்பொருள் தானாக வைத்திருக்கும் தேர்வை மாற்றாமல் விடுவது, அந்தத் தொழிலாளியின் ஓய்வை யாரோ ஒரு நிரலாளர் முடிவு செய்ய விடுவதற்குச் சமம். தொழிற்சாலைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

வேலையின் இயல்பும் இதில் பேசும். 2012-இல் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தபோது சென்னையில் பகுதி பகுதியாக முறை வைத்து நாளுக்கு 2 மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பிற மாவட்டங்களில் அதைவிட மிக அதிகம். ஐஸ் கம்பெனிக்கு 2 மணி நேரம் போனால் 2 மணி நேர ஐஸ்தான் நட்டமா? உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் ஐஸ் கேன்கள் நிற்கின்றன. அமோனியா கம்ப்ரஸர் அந்த உப்புத்தண்ணீரைச் சுழியத்துக்குக் கீழே குளிர்விக்கிறது. கேனின் சுவரிலிருந்து உள்நோக்கி ஐஸ் வளரும். வளர்ந்த ஐஸே உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் போர்வையாகி விடுவதால் வேகம் குறைந்துகொண்டே போகும். பாரின் தடிமன் இரண்டு மடங்கானால் உறையும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. மின்சாரம் போனதும் உப்புத்தண்ணீர் உடனே சூடாகிவிடாது. அதற்குள் சேமித்த குளிர்ச்சி கொஞ்ச நேரம் வேலை செய்யும். ஆகக் குறுகிய வெட்டில் இழப்பு சிறிது. நீண்ட வெட்டில் இழந்த மணிகளோடு, சூடேறிய தொட்டியை மறுபடி குளிர்விக்கும் மணிகளும் சேரும். ஐஸ் விட்ட இடத்திலிருந்து தொடரும் வேலை, கொஞ்சம் அபராதத்தோடு.

பாடு அப்படி இல்லை. வற்றும் தண்ணீர் ஓடி முடிந்தால் அந்த இரவு போயிற்று. தொடர்வதற்கு ஒன்றும் இல்லை. வலையைத் தாமதமாகக் கட்டிய ஒரு மணி நேரத்தை விடிந்த பிறகு ஈடுகட்ட முடியாது. ஒத்திகையில் இரண்டையும் ஒரே மாதிரி ‘நிறுத்து, தொடர்’ என்று எழுதினால் ஐஸ் கம்பெனிக்கு ஓரளவு சரியாகவும் வலைக்கு முற்றிலும் தவறாகவும் வரும்.

அடுத்து பிரேக்டவுன். பழுது எந்தக் கடிகாரத்தில் வருகிறது? இந்த ஒரு கேள்வியில் நானே சறுக்கியிருக்கிறேன். ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடும் ஒரு தொழிற்சாலைக்காக நான் எழுதிய ஆரம்பகால மாடலில், பழுதுக் கடிகாரம் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. விளைவு, மூன்றில் இரண்டு பழுதுகள் தொழிற்சாலை மூடியிருந்த 16 மணி நேரத்தில் வந்தன. ரிப்பேர் கடிகாரமும் இரவில் ஓடியதால், அவற்றில் பல விடியும் முன்பே தாமாகச் சரியாகிவிட்டன. யாரும் இல்லாத இருட்டில் கெட்டு, யாரும் தொடாமல் சரியான மெஷின்கள்! என் மாடல் உண்மைத் தொழிற்சாலையைவிட நன்றாக ஓடியது. அதை நம்பி ஒரு மெஷின் குறைவாக வாங்கியிருந்தால் அதன் சுமை ஆட்களின் முதுகில் ஏறியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சில பழுதுகள் ஓடினால்தான் வரும். வலை கிழிவது, பேரிங் தேய்வது, பிளேடு மழுங்குவது எல்லாம் உழைப்புக் கடிகாரத்தில் எண்ண வேண்டியவை; மெஷின் நிற்கையில் அந்தக் கடிகாரமும் நிற்க வேண்டும். சில பழுதுகள் நாள் கணக்கில் வரும். முகத்துவாரம் தூர்வது அப்படி. யார் வலை கட்டினாலும் கட்டாவிட்டாலும் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் புரண்டு வந்தால் தண்ணீர் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். கோடையில் ஆற்றுத் தண்ணீர் வற்ற, வாய் குறுகும்; சில ஆண்டுகளில் அடைபட்டே போகும். அப்போது இறால் குஞ்சு உள்ளே வராது, வளர்ந்தது வெளியே போகாது, ஏரியின் உப்பு ஏறும், படகுகள் கடலுக்குப் போக வழியிருக்காது. முகத்துவாரத்தில் நிரந்தரமாகத் தடுப்புச் சுவர்கள் வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்ததற்குக் காரணம் இதுதான். இந்தப் பழுதை ‘சராசரியாக இத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்று சீட்டுக் குலுக்கி எழுதுவதும் பாதித் தவறு. அதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது.

ரிப்பேர் செய்பவருக்கும் ஒரு நாட்காட்டி உண்டு என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஃபிட்டர் காலை 8 முதல் மாலை 4 வரை. மதியம் 3 மணிக்கு மெஷின் நின்றது; சரிசெய்ய 10 மணி நேர வேலை. இன்று 1 மணி நேரம், நாளை 8, நாளை மறுநாள் 1. காலை 9 மணிக்கு மெஷின் ஓடும். 10 மணி நேர வேலைக்கு 42 மணி நேரம் ஆயிற்று. மெஷினும் ஒரே ஷிஃப்ட்தான் என்றால் இழப்பு 10 மணி நேரமே. மெஷின் மூன்று ஷிஃப்ட்டும் ஓடுவது என்றால் 42 மணி நேரமும் இழப்பு. பழுதும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று எப்படிப் படிகின்றன என்பதே விடையை மாற்றுகிறது.

பழவேற்காட்டுக் கரையில் இப்படிப் படியும் நாட்காட்டிகள் பல. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; தேதி முன்பே தெரியும், நகராது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் 1971 அக்டோபர் 9-இல் பறந்தது. இன்றும் ராக்கெட் ஏவும் நாட்களில் இந்தப் பகுதி மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிக்கிறார்கள். இதுவும் முன்பே சொல்லப்படுவதுதான், ஆனால் நகரக்கூடியது. கடைசி நேரத்தில் ஏவுதல் தள்ளிப்போனால் ஒரு நாள் பிழைப்பும் போய், இன்னொரு நாளும் போகும். ஒத்திகையில் இதைத் தடைக்காலத்தோடு சேர்த்து ‘திட்டமிட்ட நிறுத்தம்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். தேதி தெரிந்த நிறுத்தத்துக்கு வலை பின்னலாம், படகைப் பழுதுபார்க்கலாம், வெளியூர் வேலைக்குப் போகலாம். தள்ளிப்போகும் நிறுத்தத்துக்கு எதுவும் செய்ய முடியாது, கரையில் காத்திருக்கத்தான் வேண்டும். தொழிற்சாலையிலும் அப்படியே: ‘கச்சாப்பொருள் நாளை வரும்’ என்று மூன்று நாள் சொல்லப்படுவது, மூன்று நாள் விடுமுறை என்று முதலிலேயே சொல்லப்படுவதைவிட மோசமானது.

நிலாவின் நாட்காட்டிக்கு வருகிறேன். நம் கடிகாரம் சூரியனுடையது, 24 மணி நேரம். கடலின் ஏற்றமும் வற்றமும் நிலாவுடையவை. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இரவு 9 மணிக்கு வந்த வற்றம், ஒரு வாரத்தில் விடியலை நெருங்கிவிடும். ‘இரவு 8 முதல் காலை 4 வரை’ என்று தொழிற்சாலை பாணியில் ஷிஃப்ட் எழுதினால் சில இரவுகளில் வற்றம் முழுதும் அதற்குள் விழும், சில இரவுகளில் பாதி வெளியே போகும். மீனவர்கள் மணியைச் சொல்லாமல் பிறையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முறை வைப்பதில் இன்னொரு பொறி உண்டு. எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகப் பிடித்த கணக்கு இது. இரண்டு குழுக்கள் ஓர் இடத்தை ஆளுக்கு 15 நாள் என்று பிரித்துக்கொள்வதாக வைப்போம். அமாவாசையை ஒட்டிய இருட்டு இரவுகளே நல்ல இரவுகள் என்றும் வைப்போம். ஆளுக்குப் பாதி நாள், நியாயமாகத்தான் தோன்றும். ஒரு சுற்று 30 நாள். நிலாவின் சுற்று 29.53 நாள். ஒரு சுற்றுக்கு அரை நாள்கூட நகராது. முதல் மாதம் அமாவாசை வாய்த்த குழுவுக்கே அடுத்த மாதமும் வாய்க்கும், அதற்கடுத்த மாதமும். நிலை முழுதாகத் தலைகீழாக ஏறத்தாழ 31 சுற்று, அதாவது இரண்டரை ஆண்டு ஆகும். அதற்குள் ஒரு குடும்பம் கடனில் படகை விற்றிருக்கும். சதவீதத்தில் பார்த்தால் இருவருக்கும் 50. நாள்தோறும் மாறும் முறையாக இருந்தால் இந்தப் பொறி இல்லை. ஒரே அமாவாசை வாரத்துக்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதில் எத்தனை தலைமுறை அனுபவம் படிந்திருக்கும் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

தொழிற்சாலைகளில் இந்தப் பொறி கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. மூன்று குழுக்கள், வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாற்றம். சுற்று 21 நாள். ஒரு மெஷினுக்கு 21 நாளுக்கு ஒருமுறை இரவில் சர்வீஸ் என்று யாரோ வைத்துவிட்டால், அந்த இரவு என்றென்றும் ஒரே குழுவின் தலையில்தான் விழும். அந்தக் குழுவின் உற்பத்தி குறைவாகவே தெரியும். மேலாளர் அவர்களைச் சோம்பேறிகள் என்பார். நாட்காட்டிகளை முழுசாக எழுதிய ஒத்திகை இதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். சதவீதம் போட்ட ஒத்திகை எத்தனை ஆண்டு ஓட்டினாலும் காட்டாது.

பாடு முறையைப் புகழ்ந்தே முடித்தால் நான் ஏரியைப் பார்த்தவன் ஆகமாட்டேன். அந்த முறைக்குள் இருப்பவர்களுக்கு அது நியாயம். பட்டினவர் சமூகத்தில், உரிமையுள்ள ஊரில் பிறந்த ஆண்களுக்குரியது அது. பெண்களுக்கு அதில் முறை கிடையாது. உரிமையில்லாத ஊர்களும் பிற சமூகத்தாரும் அந்த இடங்களுக்கு வெளியே, வேறு வலைகளோடு. ஏரி சுருங்கச் சுருங்க, இறாலின் விலை ஏற ஏற, முறைக்கு வெளியே நிற்பவர்களோடு உரசல்களும் வளர்ந்திருக்கின்றன. சிமுலேஷனிலும் இப்படித்தான். நாம் எழுதும் நாட்காட்டியில் இல்லாதவர்களுக்குக் காத்திருப்பு நேரம் என்று எதுவும் பதிவாகாது. அவர்கள் வரிசையிலேயே நிற்கவில்லையே. திரையில் எல்லாம் சீராக ஓடும்.

எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை உவர்நீரில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறிக்குள் போடும் பெண்கள் அவர்களில் அதிகம். வலையில்லை, படகில்லை, சீட்டுமில்லை. இந்த ஏரிக்கு நான் எழுதிப் பார்த்த ஒத்திகையில் பாடுகளுக்கு நாட்காட்டி இருந்தது, ஐஸ் கம்பெனிக்கு இருந்தது, ஓடத்துக்கு இருந்தது. அவர்களுக்கு எழுத உட்கார்ந்தபோது முதல் கட்டத்தில் தேதியோ மணியோ பொருந்தவில்லை. எந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கிறது என்றுதான் அங்கே எழுத வேண்டியிருந்தது.